பத்தில் ஒரு பங்கு: நெல்சன் மாவோரி நிலமும் வாக்கத்தூ பண்ணைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வடக்கு முனையில் நெல்சன் என்றொரு ஊர். அங்கிருந்து கடற்கரையோரமாக மேற்கே போனால் மொத்துவேகா. இந்த இரண்டு ஊர்களைச் சுற்றியுள்ள ஆப்பிள், கிவி தோட்டங்களிலும், பியருக்கு மணம் தரும் ஹாப்ஸ் கொடிப் பந்தல்களிலும் ஒரு பகுதி வாக்கத்தூ என்ற நிறுவனத்துடையது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிறுவனம் அது. அந்த நிலம் மாவோரிக் குடும்பங்களுக்கு உரியது என்று இருந்தும், 135 ஆண்டுகள் அதில் என்ன செய்யலாம் என்று சொல்லும் உரிமை அவர்களிடம் இல்லை. அந்த வரலாற்றைப் பற்றி மறுபடி மறுபடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வாக்கத்தூ என்பது அறக்கட்டளையா, கம்பெனியா?

இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் அமைப்பு. நியூசிலாந்துச் சட்டம் மாவோரி நிலத்துக்கென்றே சில அமைப்பு வடிவங்களை வைத்திருக்கிறது. அவற்றில் அதிகம் காணப்படுவது 'அஹு ஃபெனுவா' எனப்படும் நில அறக்கட்டளை. நிலத்தின் சொந்தக்காரர்கள் பலராக இருப்பார்கள், அவர்கள் சார்பாக அறங்காவலர்கள் நிலத்தை நிர்வகிப்பார்கள். இன்னொரு வடிவம் 'மாவோரி கூட்டு நிறுவனம்'. இதில் நிலம் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், பழைய சொந்தக்காரர்களின் வாரிசுகள் பங்குதாரர்களாக இருப்பார்கள், அவர்கள் கூடி ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள்.

வாக்கத்தூ இந்த இரண்டாவது வகை. 1977-இல் தொடங்கப்பட்டது. ஆனால் அதன் வேர் 1840-களில் ஏற்பட்ட ஓர் அறக்காப்பு நிலத்தில், அதாவது உரியவர்களுக்காக வேறொருவர் பொறுப்பேற்று வைத்திருக்கும் நிலத்தில் இருக்கிறது. அதனால்தான் பலரும் இதை நில அறக்கட்டளை என்றே பேசுகிறார்கள். அப்படிச் சொல்வதில் பெரிய தவறு இல்லை.

இன்று ஏறக்குறைய 4,000 பங்குதாரர்கள். எல்லோரும் ஙாத்தி கோவத்தா, ஙாத்தி ராருவா, ஙாத்தி தாமா, தே ஆத்தியாவா என்ற நான்கு இனக்குழுக்களின் வழிவந்தவர்கள்.

'ஙாத்தி' என்று எழுதியிருப்பது எழுத்துப் பிழையா?

இல்லை. மாவோரி மொழியில் சொல்லின் முதலிலேயே ங-ஒலி வரும். 'ஙாத்தி' என்றால் இன்னாரின் வழித்தோன்றல்கள் என்று பொருள். ஆங்கிலம் பேசுபவர்கள் இந்த ஒலிக்குத் திணறுவார்கள். நமக்கு அதற்கென்று ஓர் எழுத்தே இருக்கிறது. ஆத்திசூடியில் 'ஙப்போல் வளை' என்று படித்துவிட்டு அப்புறம் மறந்துபோன எழுத்து, இங்கே நிஜமாகவே வேலை செய்கிறது.

'பத்தில் ஒரு பங்கு' என்பது என்ன?

1839-இல் லண்டனில் நியூசிலாந்து கம்பெனி என்ற தனியார் நிறுவனம் குடியேற்றத் தொழிலில் இறங்கியது. எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவருடைய யோசனை அது. மாவோரிகளிடம் மலிவாக நிலத்தை வாங்கி, பிரிட்டனில் இருப்பவர்களுக்கு மனைகளாகப் பிரித்து விற்பது. அவருடைய தம்பி ஆர்தர் வேக்ஃபீல்ட் 1841-இல் கப்பல்களோடு வந்து, மொத்துவேகாவுக்கு அருகே உள்ள கைத்தெரித்தெரி கடற்கரையில் அங்குள்ள தலைவர்களோடு பேசி, நெல்சன் குடியேற்றத்துக்கு இடம் பிடித்தார். 1842 பிப்ரவரியில் முதல் குடியேறிகளின் கப்பல் வந்து சேர்ந்தது.

நெல்சன் திட்டத்தில் ஒரு குடியேறி 300 பவுண்டு கொடுத்தால் 201 ஏக்கர் கிடைக்கும். ஊருக்குள் 1 ஏக்கர், ஊரோரமாக 50 ஏக்கர், வெளியே நாட்டுப்புறத்தில் 150 ஏக்கர். நிலத்தைக் கொடுத்த மாவோரிகளுக்குக் கைக்கு வந்த பணம் மிகச் சொற்பம். அதைச் சரிக்கட்ட கம்பெனி ஒரு வாக்குறுதி தந்தது: மனைகளில் பத்தில் ஒரு பங்கு மாவோரிகளுக்கென்று ஒதுக்கப்படும், அது குடியேறிகளின் மனைகளுக்கு நடுவே நடுவே இருக்கும், ஊர் வளர வளர அதன் மதிப்பும் வளரும், வருமானம் அந்தக் குடும்பங்களுக்கே போகும்.

கவனியுங்கள், இது தானமல்ல. விலையின் பெரும்பகுதியே அந்தப் பத்தில் ஒரு பங்குதான். கம்பெனியே அப்படித்தான் சொல்லிக்கொண்டது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்த எல்லாவற்றின் கனமும் புரியும்.

வாக்குறுதியில் எவ்வளவு நிறைவேறியது?

மூன்றில் ஒரு பங்கு.

1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தாகி, நாடு பிரிட்டிஷ் அரசின் கீழ் வந்திருந்தது. கம்பெனி அதற்கு முன்பும் பின்பும் வாங்கியதாகச் சொன்ன நிலங்களெல்லாம் முறையானவைதானா என்று விசாரிக்க வில்லியம் ஸ்பெயின் என்ற ஆணையரை அரசு அனுப்பியது. அவர் 1844-இல் நெல்சனுக்கு வந்து விசாரித்தார். விசாரணை பாதியிலேயே நின்றது. கம்பெனி மாவோரிகளுக்கு மேற்கொண்டு 800 பவுண்டு கொடுத்து விஷயத்தை முடித்தது. அதன்பின் ஸ்பெயின் 1845-இல் தந்த தீர்ப்பு: 1,51,000 ஏக்கர் கம்பெனிக்கு. அதிலிருந்து பத்தில் ஒரு பங்கான 15,100 ஏக்கர் மாவோரிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அதைத் தவிர அவர்களுடைய ஊர்கள், சாகுபடி நிலங்கள், இடுகாடுகள் எதையும் தொடக்கூடாது.

உண்மையில் ஒதுக்கப்பட்டது 5,100 ஏக்கர்தான். ஊருக்குள் 100 மனை, ஊரோரத்தில் 5,000 ஏக்கர். நாட்டுப்புற நிலத்தில் ஒரு ஏக்கர்கூட ஒதுக்கவில்லை. 10,000 ஏக்கர் அப்படியே காணாமல் போனது. அதுவும் போதாதென்று, சில ஆண்டுகளில் ஊர் வரைபடத்தை மாற்றியமைத்தபோது அந்த 100 ஊர் மனைகள் 53 ஆகச் சுருங்கின.

வெள்ளையர் வருவதற்கு முன்பு அங்கே விவசாயம் இருந்ததா?

இருந்தது. காட்டை அழித்துக் குடியேறிகள்தான் விவசாயத்தைக் கொண்டுவந்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நெல்சனை ஒட்டிய வைமேயா சமவெளியில் இன்றும் மண்ணை வெட்டினால் வித்தியாசமான ஒரு மேலடுக்கு தெரியும். பொடிக்கல்லும் மணலும் கரியும் கலந்த கருப்பு மண். இயற்கையாக அமைந்ததல்ல. பழைய மாவோரிக் குடிகள் பக்கத்தில் பள்ளம் தோண்டி, பொடிக்கல்லைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து வயலில் கொட்டிக் கலந்திருக்கிறார்கள். எதற்காக? அவர்களுடைய முக்கியப் பயிர் கூமரா, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அது வெப்பமண்டலப் பயிர். பசிபிக் தீவுகளிலிருந்து தோணியில் கொண்டுவந்தது. நெல்சனின் குளிரில் சும்மா நட்டால் தாங்காது. பொடிக்கல் கலந்த கருப்பு மண் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரைச் சூடாக வைத்திருக்கும், தண்ணீரும் தேங்காது. ஒரு பயிரை அதற்குச் சொந்தமல்லாத குளிரில் விளைவிக்க ஒரு சமவெளியின் மண்ணையே மாற்றிய உழைப்பு அது.

இந்த நான்கு இனக்குழுக்களும் வடக்குத் தீவிலிருந்து 1820-களின் கடைசியிலும் 1830-களிலும் இங்கே வந்தவர்கள். அவர்களுக்கு முன்பிருந்த குடிகளோடு போரும் மணஉறவும் இரண்டும் நடந்தன. மொத்துவேகாவின் 'தே மாத்தூ' என்ற பெருங்காட்டை ஒட்டி இவர்களுடைய தோட்டங்கள் இருந்தன. நெல்சன் குடியேறிகள் கரையிறங்கிய முதல் ஆண்டுகளில் அவர்களுக்குச் சோறு போட்டதே இந்த மாவோரித் தோட்டங்களில் விளைந்த உருளைக்கிழங்கும் அவர்கள் வளர்த்த பன்றிகளும்தான்.

ஒதுக்கிய நிலத்தை யார் நிர்வகித்தார்கள்?

மாவோரிகளைத் தவிர மற்ற எல்லோரும். ஆங்கிலிக்கன் பிஷப் செல்வினும் தலைமை நீதிபதி மார்ட்டினும் தொடக்க கால அறங்காவலர்கள். அப்புறம் அரசு ஆணையர்கள், 1882-லிருந்து பொது அறங்காவலர் அலுவலகம், 1920 முதல் மாவோரிகளுக்கெனத் தனி அறங்காவலர் அலுவலகம். பெயர்ப்பலகை மாறியது, ஆனால் முடிவெடுக்கும் மேசையில் மாவோரிகளுக்கு நாற்காலி போடப்படவில்லை.

இடையில் நடந்த ஒன்றை விட்டுவிட முடியாது. 1853-இல் ஆளுநர் கிரே மொத்துவேகாவில் 918 ஏக்கர் மாவோரி ஒதுக்கு நிலத்தை எடுத்து, ஒரு தொழிற்பள்ளி நடத்துவதற்காக ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு எழுதிக் கொடுத்தார். அதில் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன, பயிர் செய்துகொண்டிருந்தன. ஃபகரேவா நிலம் என்று அதற்குப் பெயர். பள்ளி நின்றுபோன பிறகும் நிலம் திரும்பவில்லை. 140 ஆண்டுகள் கழித்து, 1993-இல்தான் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஙாத்தி ராருவா ஆத்தியாவா இவி அறக்கட்டளைக்குத் திரும்பியது. 'இவி' என்றால் இனக்குழு.

'நிரந்தரக் குத்தகை' என்கிறார்களே, அதில் என்ன அநியாயம்? குத்தகைப் பணம் வந்துகொண்டுதானே இருந்தது?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். ஏனென்றால் பறிமுதல் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. குத்தகை என்றால் நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

1887-இல் ஒரு சட்டம் வந்தது. நெல்சன், வெஸ்ட்லாந்து பகுதிகளின் மாவோரி ஒதுக்கு நிலங்களை 21 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம், 21 ஆண்டு முடிந்ததும் குத்தகைக்காரர் விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளலாம், மறுபடி 21, மறுபடி 21. இதற்கு முடிவே கிடையாது. சொந்தக்காரர் 'எனக்கு என் நிலம் வேண்டும், என் மகன் உழப்போகிறான்' என்று சொல்ல முடியாது. குத்தகைக்காரர் தன் உரிமையை மகனுக்கு எழுதி வைக்கலாம், வெளியாளுக்கு நல்ல விலைக்கு விற்கலாம். சொந்தக்காரரைக் கேட்கத் தேவையில்லை.

சரி, வாடகையாவது ஒழுங்காக வந்ததா? 1955-இன் மாவோரி ஒதுக்கு நிலச் சட்டம் நாட்டுப்புற நிலத்துக்கு வாடகையை 5 சதவீதம் என்றும் ஊர் மனைக்கு 4 சதவீதம் என்றும் நிர்ணயித்தது. எதன் மேல் 5 சதவீதம்? வீடு, வேலி, தோட்டம் எதுவும் இல்லாத வெறும் தரையின் மதிப்பின் மேல். அந்த மதிப்பையும் 21 ஆண்டுக்கு ஒருமுறைதான் கணக்கிடுவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இது நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண். நிலத்தின் மதிப்பு 10,000 டாலர். ஆண்டு வாடகை 500. அடுத்த 21 ஆண்டுகளில் விலைவாசி ஏறி, அதே நிலம் 1,00,000 டாலர் ஆகிவிடுகிறது. வாடகை? அதே 500. அதாவது அரை சதவீதம். 1970-களிலும் 80-களிலும் நியூசிலாந்தில் பணவீக்கம் கடுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் இந்த நிலங்களின் வளர்ச்சி முழுவதும் குத்தகைக்காரர் பக்கம் போய்ச் சேர்ந்தது. சொந்தக்காரருக்குக் கிடைத்த சொற்பத்தையும் நூற்றுக்கணக்கான வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு முன் நிர்வாகச் செலவைக் கழிக்க வேண்டும்.

மொத்துவேகாவின் நல்ல மண்ணில் பல பத்தாண்டுகள் புகையிலையும் ஹாப்ஸும் ஆப்பிளும் அமோகமாக விளைந்தன. அந்த மண்ணின் உரிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அதே தோட்டங்களில் கூலிக்கு வேலை பார்த்தார்கள். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இது: மூன்று நான்கு தலைமுறைகளுக்குத் தங்கள் நிலத்தில் எதை நடுவது, எங்கே கிணறு வெட்டுவது என்று முடிவெடுக்கும் பழக்கமே இல்லாமல் போனது. பண்ணை நடத்தும் அறிவு என்பது பரம்பரையாகக் கைமாறுவது. அந்தச் சங்கிலியை ஒரு சட்டம் அறுத்துவிட்டது.

சொந்தக்காரர்கள் யார் யார் என்று எப்படித் தெரியும்?

1893-இல் நில நீதிமன்றம் ஒரு பட்டியலை முடிவு செய்தது. 1840-களில் இந்தப் பகுதியில் உரிமை இருந்தவர்கள் என 254 முன்னோர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இன்றைய பங்குதாரர் ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் உள்ள யாரோ ஒருவரின் வழிவந்தவர்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மாவோரி வழக்கப்படி நிலம் குழுவுக்குச் சொந்தம். உழுது பேணினால்தான் உரிமை உயிரோடு இருக்கும், விட்டுப் போனால் தலைமுறைகளில் அணைந்துவிடும். 1860-களில் வந்த நில நீதிமன்றம் இதை மாற்றி, ஆளாளுக்குப் பெயரெழுதி, இறந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று ஆக்கியது. கேட்க நியாயம்தான். ஆனால் நிலத்தைப் பிரிக்காமல் பங்கை மட்டும் பிரித்துக்கொண்டே போனால் ஐந்தாம் தலைமுறையில் ஒருவருக்குக் கிடைப்பது துக்காணிப் பங்கு. நம் ஊர்க் கூட்டுப்பட்டா நிலத்தில் பங்காளிகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு அரசு கண்டுபிடித்த தீர்வு இன்னும் மோசம். 1953-இன் மாவோரி விவகாரச் சட்டம், 25 பவுண்டு மதிப்புக்குக் குறைந்த பங்குகளை 'பயனற்ற பங்கு' என்று முத்திரை குத்தி, அரசு அறங்காவலர் கட்டாயமாக வாங்கிக்கொள்ள வழி செய்தது. பணம் சிறிய தொகைதான். ஆனால் அந்தப் பங்கோடு, 'இந்த மண் என் முன்னோருடையது' என்று எழுந்து நின்று பேசும் உரிமையும் போனது.

1977-இல் நிலம் எப்படித் திரும்பி வந்தது?

1975-இல் ஃபினா கூப்பர் என்ற மூதாட்டி தலைமையில், நாட்டின் வடகோடியிலிருந்து தலைநகர் வெலிங்டன் நாடாளுமன்றம் வரை மாவோரி நில நடைப்பயணம் நடந்தது. அப்போது அவருக்கு 79 வயது. இனி ஒரு ஏக்கர்கூட விடமாட்டோம் என்பதுதான் முழக்கம். அதே ஆண்டு, ஒதுக்கு நிலங்களைப் பற்றி ஆராய்ந்த ஷீஹன் விசாரணை ஆணையம் தன் அறிக்கையைத் தந்தது. நிலத்தைச் சொந்தக்காரர்களின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. வடக்குத் தீவின் தரனாக்கியில் 1976-இல் பரினினிஹி கி வைத்தோத்தரா என்ற கூட்டு நிறுவனமும், நெல்சனில் 1977-இல் வாக்கத்தூவும் இந்த அலையில் பிறந்தவை.

வாக்கத்தூவின் கைக்கு வந்தது 1,392 ஹெக்டேர், அதாவது சுமார் 3,440 ஏக்கர். மதிப்பு 1 கோடியே 10 லட்சம் டாலர். கையில் வந்தது என்று சொன்னாலும், பெரும்பகுதி அதே நிரந்தரக் குத்தகையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தில் சொந்தக்காரர்கள், வேலிக்கு வெளியே நிற்பவர்கள். அங்கிருந்து தொடங்கினார்கள். இன்று அதன் சொத்து மதிப்பு 30 கோடி டாலருக்கு மேல்.

அங்கே என்னென்ன விளைகிறது?

ஆப்பிள், பேரி, கிவிப்பழம், ஹாப்ஸ், திராட்சை. அப்புறம் கடலில் பச்சை உதட்டு மட்டி. உணவு, பானத் தொழில்கள் எல்லாம் 'கோனோ' என்ற பெயரில் நடக்கின்றன. கோனோ என்றால் ஹரகேகே என்ற நார்ச்செடியின் இலையில் பின்னிய சிறு உணவுக் கூடை. விருந்தாளிக்கு முன் உணவு வைத்துக் கொடுப்பது அதில்தான்.

ஹாப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூங்கதிர். நம்மில் பலரும் பார்த்திராத பயிர் என்பதால் சொல்கிறேன். வெற்றிலைக் கொடிக்காலை நினைத்துக்கொண்டு அதன் உயரத்தை இரட்டிப்பாக்குங்கள். உயரமான கம்பங்களில் கம்பி இழுத்து, அதிலிருந்து கயிறு தொங்கவிட்டு, வசந்தத்தில் கொடியை ஏற்றிவிடுவார்கள். கோடையில் ஒரு சுவர்போல எழுந்து நிற்கும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை அறுவடை. பறித்த கதிரை உடனே சூளையில் உலர்த்தாவிட்டால் மணம் போய்விடும், அதனால் அந்த வாரங்களில் இரவும் பகலும் வேலை. நியூசிலாந்தின் ஹாப்ஸ் கிட்டத்தட்ட முழுவதும் இந்த நெல்சன் வட்டாரத்தில்தான் விளைகிறது. 'மொத்துவேகா' என்ற பெயரிலேயே ஒரு ஹாப்ஸ் வகை உலகம் முழுக்கப் போகிறது.

திராட்சைத் தோட்டங்கள் அவத்தெரே பள்ளத்தாக்கிலும் மேல் மூத்தெரேயிலும் உள்ளன. 'தோஹு' என்ற வைன் 1998-இல் தொடங்கியது. மாவோரிகளுக்கே சொந்தமான முதல் வைன் நிறுவனம் அது. மேலே சொன்ன ஙாத்தி ராருவா ஆத்தியாவா அறக்கட்டளையும், வடக்குத் தீவின் கிழக்குக் கரையிலுள்ள வீ பேரே அறக்கட்டளையும் அதன் தொடக்கக் கூட்டாளிகள். மூன்று நில அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரு பாட்டிலில் தங்கள் பெயரை ஒட்டி வெளிநாட்டுக்கு அனுப்பியதை நான் சாதாரண வியாபாரச் செய்தியாகப் பார்க்கவில்லை. மூலப்பொருளை விற்றுவிட்டு ஒதுங்குவது, வாடகை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதைப் போன்றதுதான். விளைவிப்பது, பதப்படுத்துவது, பெயர் வைப்பது, விற்பது என்று கடைசிப் படி வரை தங்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் அந்தப் பழைய அனுபவத்திலிருந்து வந்தது.

நெல்சனில் மனை விலை ஏறிக் கிடக்கிறது. நிலத்தை விற்றுப் பங்கு போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் லாபம்தானே?

'ஃபெனுவா' என்ற மாவோரிச் சொல்லுக்கு நிலம் என்று பொருள். நஞ்சுக்கொடி என்றும் பொருள். குழந்தை பிறந்தால் நஞ்சுக்கொடியை முன்னோர் நிலத்தில் புதைப்பது வழக்கம். அந்த நிலத்தை விற்பது என்ற பேச்சு அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் எளிதில் விடாது. 1993-இன் தே தூரே ஃபெனுவா மாவோரிச் சட்டம், மாவோரி நிலத்தை அவர்கள் கையிலேயே வைத்திருப்பதைத்தான் நோக்கமாக அறிவிக்கிறது. விற்பதென்றால் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், முதலில் உறவுமுறையினருக்கு வாய்ப்புத் தர வேண்டும், மாவோரி நில நீதிமன்றமும் உறுதிப்படுத்த வேண்டும். பங்குகளையும் வெளியார் வாங்க முடியாது. நாட்டின் மொத்த நிலத்தில் மாவோரி நிலமாக மிஞ்சியிருப்பது 20-இல் ஒரு பங்கு, சுமார் 14 லட்சம் ஹெக்டேர். இருக்கும் அதையும் விடக்கூடாது என்பது இயல்புதானே.

இதற்குப் பாதகமும் உண்டு. விற்க முடியாத நிலத்தை வங்கி எளிதில் அடமானமாக ஏற்காது. கடன் கிடைக்காத பண்ணை மெதுவாகத்தான் வளரும். பல சிறிய மாவோரி அறக்கட்டளைகள் இன்றும் திணறுவது இதில்தான்.

500 ஆண்டுத் திட்டம் என்று ஒன்று இருப்பது உண்மையா?

உண்மை. 'தே பாயே தாஃபித்தி' என்று பெயர், தொலைதூர அடிவானம் என்று சொல்லலாம். முன்னோர் விட்டுச்சென்ற செல்வத்தை இன்றுள்ளவர்களுக்கும் இனி வருபவர்களுக்குமாகக் காத்துப் பெருக்குவது என்பது வாக்கத்தூ தனக்கு விதித்துக்கொண்ட வேலை. விற்கவே போவதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்கு அடுத்த காலாண்டு லாபத்தைவிட மண்ணின் வளமும் ஆற்றுத் தண்ணீரும் முக்கியமாகிவிடுகின்றன.

மற்ற மாவோரி நிலங்களின் கதையும் இதேதானா?

இல்லை. வைக்காத்தோவிலும் தரனாக்கியிலும் 1860-களில் போருக்குப் பின் அரசு நேரடியாகப் பறிமுதல் செய்தது. கிழக்குக் கரையில் வீ பேரே போன்ற தலைவர்கள் 1893-லேயே மங்கத்தூ நிலத்துக்கென்று தனிச் சட்டம் வாங்கி, ஒரு லட்சம் ஏக்கரைக் கூட்டாகக் காப்பாற்றினார்கள்.

ஆபிரானா ஙாத்தாவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. நியூசிலாந்தில் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பை முடித்த முதல் மாவோரி. 1928 முதல் 1934 வரை மாவோரி விவகார அமைச்சர். வெள்ளை விவசாயிக்கு அரசுக் கடன் கிடைத்த காலத்தில் மாவோரி விவசாயிக்கு அது எட்டாக்கனி. 1929-இல் அவர் கொண்டுவந்த சட்டத்தால்தான் அரசுப் பணம் முதன்முறையாக மாவோரி நில மேம்பாட்டுக்குப் பாய்ந்தது. ரோத்தோருவா அருகே ஹோரோஹோரோவில் புதர்க்காடு பால்பண்ணையானது. சிறந்த மாவோரி விவசாயிக்கான அஹுஃபெனுவா கோப்பை 1933 முதல் வழங்கப்படுகிறது.

நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

காணாமல் போன அந்த 10,000 ஏக்கருக்காக 2010-இல் வாக்கத்தூ தரப்பினர் அரசின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். முன்னின்றவர் ரோரே ஸ்டாஃபர்ட் என்ற மூத்தவர். உயர் நீதிமன்றத்தில் 2012-இல் தோல்வி. மேல்முறையீட்டில் 2014-இல் தோல்வி. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. 15,100 ஏக்கரை ஒதுக்குவதும் ஊர்களையும் சாகுபடி நிலங்களையும் இடுகாடுகளையும் விட்டுவைப்பதும் அரசின் சட்டப்பூர்வமான அறங்காவல் கடமை என்றது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது வெறும் அரசியல் குறையல்ல, நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய கடன் என்று ஆனது அப்போதுதான். நிவாரணத்தை முடிவு செய்ய வழக்கு கீழே போனது. 2023-இல் நீண்ட விசாரணை. 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற நீதிபதி ரெபேக்கா எட்வர்ட்ஸ், அரசு கடமை தவறியதை உறுதி செய்து, அரசின் கையில் இன்னும் மிச்சமிருக்கும் அந்த நிலங்கள் அறக்காப்பில் உள்ளவையே என்றார்.

தனியார் கைக்குப் போய்விட்ட வீடுகளையும் தோட்டங்களையும் அவர்கள் கேட்கவில்லை. அன்றைய தவறுக்கு இன்று அங்கே வாழ்பவரைத் துரத்துவது நியாயமில்லை என்ற தெளிவு அவர்களிடம் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

நிரந்தரக் குத்தகை இப்போது ஒழிந்துவிட்டதா?

ஒழியவில்லை. 1997-இல் வந்த திருத்தச் சட்டம் வாடகை மறுஆய்வை 21 ஆண்டிலிருந்து 7 ஆண்டாகக் குறைத்தது, வாடகையைப் படிப்படியாகச் சந்தை நிலவரத்துக்குக் கொண்டுவந்தது, கடந்த கால இழப்புக்கு ஓரளவு ஈடும் கொடுத்தது. ஆனால் புதுப்பித்துக்கொண்டே போகும் உரிமை குத்தகைக்காரரிடமே இருக்கிறது. ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது: குத்தகைக்காரர் தன் உரிமையை விற்பதென்றால் வெளியாளிடம் போவதற்கு முன் நிலத்தின் சொந்தக்காரர்களைக் கேட்க வேண்டும். அப்படி விற்பனைக்கு வரும்போது, தங்கள் நிலத்துக்குள் நுழையும் உரிமையை அன்றைய சந்தை விலை கொடுத்து அவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.